எட்டு மணியோடு நின்றுபோன சிலேட்டு: மேரி செலஸ்ட், 1872

எதற்காக இந்த ஆய்வு

1872-இல் அட்லாண்டிக் கடலில் ஆள் ஒருவரும் இல்லாமல் கண்டெடுக்கப்பட்ட பாய்மரக் கப்பல் மேரி செலஸ்ட். அதன் பெயரைச் சொன்னாலே பலருக்கும் ஆவிக் கதைதான் நினைவுக்கு வரும். மேசைமேல் சூடு ஆறாத தேநீர், அடுப்பில் பாதி வெந்த சாப்பாடு, மாயமாய் மறைந்த மனிதர்கள். கப்பலில் முதலில் ஏறியவர்கள் இப்படி எதையும் பார்க்கவில்லை. சமையலறையில் சமைத்த உணவோ, சமையலுக்கு எடுத்து வைத்த பொருளோ இல்லை என்பது நீதிமன்றச் சாட்சியத்திலேயே இருக்கிறது. தேநீர் பிறகு வந்த கதைக்காரர்கள் ஊற்றி வைத்தது.

அவர்கள் பார்த்தவற்றில் என்னை விடாமல் பிடித்திருப்பவை இரண்டு. முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியின் அறை மேசையில் இருந்த லாக் புத்தகம், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேடு. கேப்டன் அறை மேசையில் இருந்த ஒரு கற்பலகை, அதாவது சிலேட்டு. கடலில் பதிவு எழுதியும், பிறகு அதை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருபவன் நான். இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு வகுப்பிலும் எடுக்கிறேன். என்ன எழுதப்பட்டது, எது எழுதாமல் விடுபட்டது, விடுபட்ட இடத்தைப் பிறகு யார் எதை வைத்து நிரப்பினார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சம்பவத்தை நான் அறியேன்.

சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கப்பல் 1861-இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் அமேசான். 1867-இல் கேப் பிரெட்டன் கரையில் தரைதட்டிச் சேதமானது. பின் அமெரிக்கர்கள் கைக்கு மாறி, 1868-இல் மேரி செலஸ்ட் ஆனது. 1872-இல் பெரிய அளவில் பழுதுபார்த்து, இரண்டாவது தளம் சேர்த்து, 198 டன்னாக இருந்ததை 282 டன்னாக்கினார்கள். இரண்டு பாய்மரங்கள், சுமார் 103 அடி நீளம். கடற்கரையில் நூறு அடியை நடந்து பார்த்தால் தெரியும், பத்துப் பேர் ஒரு மாதம் வாழ்வதற்கு அது எவ்வளவு சின்ன இடம் என்று.

அந்தப் பத்துப் பேரில் கேப்டனுக்கு 37 வயது. கப்பலில் அவருக்குப் பங்கும் இருந்தது. மனைவியையும் இரண்டு வயது மகளையும் உடன் அழைத்துவந்தார். பள்ளி வயது மகன் ஊரில் பாட்டியிடம் இருந்தான். முதல் மேட், இரண்டாம் மேட், ஒரு சமையல்காரர், நான்கு ஜெர்மானிய மாலுமிகள். புறப்படும் முன் கேப்டன் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் கப்பல் நல்ல நிலையில் இருப்பதாகத் திருப்தியோடு எழுதியிருந்தார்.

சரக்கு 1,701 பீப்பாய் தொழில்துறை ஆல்கஹால். நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்கு. நவம்பர் 5 அன்று துறையை விட்டார்கள். எதிர்க்காற்றினால் ஸ்டேட்டன் தீவருகே நங்கூரமிட்டுக் காத்திருந்து, நவம்பர் 7 அன்று அட்லாண்டிக்கில் இறங்கினார்கள்.

கப்பலில் ஒரு நாள் எப்படி எழுதப்பட்டது

அக்காலச் சரக்குப் பாய்மரக் கப்பலில் ஆட்கள் இரண்டு பிரிவாக இருப்பார்கள். ஒன்றுக்கு முதல் மேட் பொறுப்பு, மற்றொன்றுக்கு இரண்டாம் மேட். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரிப்பார்கள்; அப்படிச் செய்யாவிட்டால் ஒரே பிரிவு தினமும் நள்ளிரவு முறையில் மாட்டிக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும். எட்டு அடி விழுந்தால் முறை மாறுகிறது என்று பொருள். காலை எட்டு மணி அப்படி ஒரு மாற்ற நேரம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை அளக்கக் கால்வட்ட வடிவத்தில் ஒரு சிறு பலகை. செங்குத்தாக மிதக்கும்படி அதன் வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருக்கும். அதைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறமாக நீரில் போடுவார்கள். பலகை நீரில் நின்றுவிடும், கப்பல் முன்னே போகும், கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. கையில் 28 வினாடி மணல் கடிகாரம். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு விரலைத் தாண்டியதோ அதுதான் கப்பலின் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று சொல்வது இந்த முடிச்சிலிருந்து வந்தது.

அந்த எண் நேராக லாக் புத்தகத்துக்குப் போகாது, சிலேட்டுக்குத்தான் போகும். மணி, முடிச்சு, திசை, காற்று, குறிப்பு என்று கோடு கிழித்திருக்கும். மழையில் நனைந்த கையோடு பலப்பத்தால் எழுதலாம், தவறினால் துடைக்கலாம். நண்பகலில் செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனை அளந்து இருப்பிடம் குறித்தபின், மேட் உட்கார்ந்து அந்த ஒரு நாளை மையால் புத்தகத்தில் ஏற்றுவார். பிறகு சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள், அடுத்த நாள் தொடங்கும். எந்த நேரத்திலும் சிலேட்டில் இருப்பது முடியாத ஒரு நாள் மட்டும்தான்.

அந்த 'நாள்' நள்ளிரவில் தொடங்குவது அல்ல, நண்பகலில் தொடங்குவது. பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805-இலேயே விட்டுவிட்டாலும், வணிகக் கப்பல்கள் பல காலம் விடவில்லை. கரையில் டிசம்பர் 4 பிற்பகல் என்றால் கப்பல் புத்தகத்தில் அது டிசம்பர் 5. மேரி செலஸ்டைக் கண்ட தேதி சில இடங்களில் 4 என்றும் சில இடங்களில் 5 என்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. இதை அறியாமல் 'முரணான சாட்சியம்' என்று எழுதியவர்கள் உண்டு.

எழுத்தின் மதிப்பு அக்காலக் கடலோடிகளுக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி மௌரி பழைய லாக் புத்தகங்களைத் திரட்டிக் காற்று, நீரோட்ட வரைபடங்கள் செய்தார். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் பல நாடுகள் கூடி, கப்பல்கள் வானிலையை ஒரே முறையில் எழுத வேண்டும் என்று உடன்பட்டன. முன்னால் போனவன் எழுதியதை வைத்துப் பின்னால் வருபவன் வழி கண்டுபிடித்த காலம் அது.

இன்னொரு வேலையும் உண்டு: கப்பலின் அடியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. மரக்கப்பல் எதுவும் கொஞ்சம் கசியும். கயிற்றில் கட்டிய ஒரு தண்டைத் துடைத்துக் காயவைத்து, குழாய் வழியே அடிவரை இறக்கித் தூக்குவார்கள். ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறதோ அவ்வளவு நீர். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போலத்தான். ஒழுங்கான கப்பலில் ஒவ்வொரு முறைக்கும் இதைச் செய்வார்கள்.

எழுத்து சொல்லும் கடைசி நாட்கள்

லாக் புத்தகம் நவம்பர் 24 நண்பகல் வரை எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பிறகான மணிகள் சிலேட்டில் இருந்தன. நவம்பர் 25, திங்கள்கிழமை. காலை 5 மணிக்கு, அட்லாண்டிக்கின் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் சாண்டா மரியா தீவு கிழக்கு-தென்கிழக்கில் தெரிந்தது. 8 மணிக்குத் தீவின் கிழக்கு முனை தென்-தென்மேற்கில், ஆறு மைல் தொலைவில்.

அதோடு முடிந்தது. ஒன்பது மணி இல்லை, பத்து மணி இல்லை. நண்பகலில் புத்தகத்தில் ஏற்றவும் இல்லை, சிலேட்டைத் துடைக்கவும் இல்லை.

கடைசிப் பதிவில் பதற்றத்தின் சாயல் கொஞ்சமும் கிடையாது. கரையைக் கண்டார்கள், திசையும் தூரமும் குறித்தார்கள். முறை முடிந்து இறங்குகிறவர் எழுதும் வரி அது. அடுத்து ஏறிய முறைக்காரர் எதையும் எழுதவில்லை.

கண்டெடுத்தபோது

டெய் கிராஷியா என்ற கப்பல் பெட்ரோலியம் ஏற்றிக்கொண்டு நவம்பர் 15 அன்று நியூயார்க் பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது. டிசம்பர் 4 பிற்பகல், அசோர்ஸுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே, பாய்கள் ஒழுங்கில்லாமல் தள்ளாடி வரும் ஒரு கப்பலைக் கண்டார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை. டெய் கிராஷியாவின் முதல் மேட்டும் இரண்டாம் மேட்டும் படகில் போய் ஏறினார்கள். சிலேட்டில் கடைசியாகக் குறித்த இடத்திலிருந்து கப்பல் ஏறக்குறைய 400 கடல் மைல் வந்திருந்தது.

மேட் கண்டவை இவை. சில பாய்கள் விரிந்திருந்தன, சில கிழிந்து போயிருந்தன. கயிறுகள் பக்கவாட்டில் தொங்கின. சரக்கறையின் பெரிய வாய் மூடியே இருந்தது. முன்புறத்ததும் பின்புறத்ததும் திறந்து, மூடிகள் தளத்தில் கிடந்தன. இருந்த ஒரே படகைக் காணோம். திசைகாட்டிப் பெட்டி இடம்பெயர்ந்து கண்ணாடி உடைந்திருந்தது. அறைகளுக்குள் நீர் புகுந்து எல்லாம் ஈரம். கேப்டனின் படுக்கை மடிக்கப்படாமல் இருந்தது. அதில் ஒரு குழந்தை படுத்திருந்தது போன்ற பள்ளம். மாலுமிகளின் துணி, மழைச்சட்டை, புகைக்குழாய் எல்லாம் அப்படியே. உணவும் குடிநீரும் தாராளமாக இருந்தன. குரோனோமீட்டரும் (நெடுங்கோட்டைக் கணிக்க உதவும் துல்லியக் கடிகாரம்) செக்ஸ்டன்டும் கப்பலின் பத்திரங்களும் இல்லை. அடியில் மூன்றரை அடி நீர். நீரளக்கும் தண்டு தளத்தில் பம்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை இறக்குவதற்காக ஒரு பம்பின் உள்பாகத்தை உருவியிருந்தார்கள்.

புகைக்குழாயை விட்டுவிட்டு மாலுமி தன் விருப்பத்தோடு கப்பலை விடமாட்டான் என்று அந்த மேட்டுக்குத் தெரியும். அவசரமாகப் போயிருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

மீட்டவர்களின் முடிவு

கப்பலை அப்படியே விட்டுப்போகலாம். அல்லது ஆள் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோனால் கடல் சட்டப்படி மீட்புத்தொகை கிடைக்கும். ஆனால் டெய் கிராஷியாவிலும் ஆட்கள் கொஞ்சம்தான். மேட்டோடு இரண்டு மாலுமிகளை அனுப்பினால் இரு கப்பல்களும் ஆள் பற்றாக்குறையோடு குளிர்கால அட்லாண்டிக்கில் ஓட வேண்டும். கேப்டன் யோசித்து, மேட்டின் விருப்பத்துக்கு இசைந்தார். சுமார் 600 கடல் மைல் தள்ளி, ஸ்பெயினின் தென்முனையை ஒட்டிய பிரிட்டிஷ் துறைமுகமான ஜிப்ரால்டர். டெய் கிராஷியா டிசம்பர் 12 அன்றும், மேரி செலஸ்ட் மறுநாள் 13 அன்றும் போய்ச் சேர்ந்தன. மூன்று பேர் ஒரு பழுதான கப்பலை அந்த மாதத்தில் அவ்வளவு தூரம் செலுத்தியது பெரிய காரியம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஆய்வின் கண்ணால் பார்த்தால் இங்கேதான் முதல் இழப்பு. அந்த மூவரும் அந்தக் கப்பலிலேயே வாழ்ந்தார்கள். நீரை இறைத்துக் கொட்டினார்கள், பாய்களையும் கயிறுகளையும் செப்பனிட்டார்கள், அறைகளைப் புழங்கினார்கள். உயிர்பிழைக்க வேறு வழியில்லை. ஆனால் கைவைப்பதற்கு முன் இருந்த நிலையை, எந்தப் பாய் எந்த நிலையில், எந்தக் கயிறு எங்கே அறுந்தது, தண்டு எந்தப் பக்கம் கிடந்தது என்று அங்கேயே உட்கார்ந்து வரிசையாக எழுதிய தாள் ஒன்று நமக்கு இல்லை. நீதிமன்றத்தில் கேட்டபோது மேட் நினைவிலிருந்துதான் சொன்னார். நேர்மையாகவே சொன்னார். இருந்தாலும் நினைவு நினைவுதான்.

விசாரணை

ஜிப்ரால்டர் கடல்சார் நீதிமன்றத்தில் டிசம்பர் 17 அன்று விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு ஆரம்பத்திலிருந்தே குற்றம் நடந்திருக்கிறது என்ற சந்தேகம். மாலுமிகள் ஆல்கஹாலைக் குடித்துவிட்டுக் கேப்டன் குடும்பத்தைக் கொன்றார்கள் என்று ஒரு கட்டத்தில். மீட்டவர்கள்மீதே சந்தேகம் இன்னொரு கட்டத்தில்.

டிசம்பர் 23 அன்று கப்பலை ஆய்வு செய்தார்கள். முன்பகுதியில் வெட்டுத் தடங்கள், கேப்டன் கட்டிலுக்கடியில் இருந்த வாளில் கறை, தளத்துக் கைப்பிடியில் கறை. தையல் இயந்திரத்துக்கான எண்ணெய்ப் புட்டி ஒன்று கவிழாமல் நிமிர்ந்து நின்றிருந்தது. புட்டி நிற்கிறது, ஆகவே புயல் அடித்திருக்க முடியாது, ஆகவே ஆட்கள் புயலுக்குப் பயந்து போகவில்லை என்று வாதம் கட்டினார்கள்.

அந்தப் புட்டியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கப்பலைக் கண்டது டிசம்பர் 4. புட்டியைக் குறித்தது டிசம்பர் 23. நடுவே பத்தொன்பது நாள். அதில் எட்டொன்பது நாள் மூன்று பேர் அந்த அறையைப் புழங்கிக்கொண்டு கடலில் வந்திருக்கிறார்கள். டிசம்பர் 23-இல் நிமிர்ந்து நின்ற புட்டி நவம்பர் 25 பற்றி எதையும் சொல்லாது. மாறாக, அன்றன்று எழுதப்பட்ட லாக் ஒன்று நீதிமன்றத்தின் கையிலேயே இருந்தது. கரடுமுரடான கடலையும் பலத்த காற்றையும் அது சொல்லியது. எழுத்தை விட்டுப் புட்டியை நம்பினார்கள். இந்த விசாரணையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

கறைகளை வேதியியல் சோதனை செய்தபோது ரத்தம் இல்லை என்று தெரிந்தது. கப்பலைப் பார்வையிட்ட அமெரிக்கக் கடற்படை கேப்டன் ஒருவரும் கொலைக் கதையை ஏற்கவில்லை. முன்பகுதித் தடங்கள் கடல் அலைகள் அடித்து மரம் சிலும்பியது என்றார். ஆனால் ரத்தச் சோதனை அறிக்கையைப் பல ஆண்டுகள் வெளியிடாமலே வைத்திருந்தார்கள். எழுதியதை மறைத்தாலும் எழுதாமல் விட்டதன் பலன்தான்.

முடிவும் பின்விளைவும்

1873-இல் மீட்புத்தொகையாக 1,700 பவுண்டு தீர்ப்பானது. கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. செய்த வேலைக்கு இது குறைவு என்றே அப்போதும் கருதப்பட்டது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் சந்தேகம் தீர்ப்பில் ஒட்டிக்கொண்டது. அந்த நிழல் மீட்டவர்களை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

கப்பல் புது ஆட்களோடு ஜெனோவா போய்ச் சரக்கை இறக்கியது. 1,701-இல் ஒன்பது பீப்பாய்கள் காலியாக இருந்தன. கைமாறிக் கைமாறி ஓடி, 1885-இல் ஹைட்டி கரையருகே பவளத்திட்டில் காப்பீட்டுப் பணத்துக்காக வேண்டுமென்றே ஏற்றி உடைக்கப்பட்டது.

பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை.

மூல லாக் புத்தகமும் 1885-இல் தொலைந்துபோனது. அதன் கடைசி ஐந்து நாட்களின் நகல் மட்டும் பிழைத்தது. கொலை நடந்தது என்று வாதிட்ட அதே அரசு வழக்கறிஞர், வழக்குக்காகக் கையால் எழுதி வைத்த நகல் அது.

பின்னாளில் மறுபடி வாசித்தபோது

அந்த ஐந்து நாள் நகலை 2000-களில் ஓர் ஆய்வாளர், கடலியல் அறிஞர் ஒருவரின் துணையோடு, கடல் வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். அதே நாட்களில் அட்லாண்டிக்கில் ஓடிய மற்றக் கப்பல்களின் பழைய பதிவுகளிலிருந்து திரட்டிய காற்றுத் தரவையும் அதன்மேல் பொருத்தினார். கேப்டன் தான் இருப்பதாக நினைத்த இடத்துக்குச் சுமார் 120 மைல் மேற்கே இருந்திருக்கிறார் என்பது அவர் கணிப்பு. கேப்டனின் கணக்குப்படி தீவு மூன்று நாள் முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். தீவை நெருங்கும் முன் அவர் பாதையை மாற்றி சாண்டா மரியாவுக்கு வடக்கே திரும்பினார், ஒதுங்க இடம் தேடியிருக்கலாம். கடைசிப் பதிவுக்கு முந்தைய இரவில் காற்று 35 'நாட்' வேகத்துக்கு மேல்.

குரோனோமீட்டர் பிழையாக ஓடியிருக்கலாம் என்றார் அந்த ஆய்வாளர். கணக்கு எளிது. நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் நெடுங்கோட்டில் கால் பாகை பிசகும். அந்த அகலக்கோட்டில் அது சுமார் 12 கடல் மைல். 120 மைல் என்றால் பத்து நிமிடத்தை ஒட்டிய பிழை. ஒரு குரோனோமீட்டருக்கு இது மிகப் பெரிது. கடிகாரம் மட்டுமே காரணமா, மேகமூட்டத்தில் வேகத்தையும் திசையையும் வைத்து ஓட்டிய உத்தேசக் கணக்கும் சேர்ந்ததா என்று எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. கப்பலில் ஒரே ஒரு குரோனோமீட்டர் இருந்தால் அது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது, கரை கண்ணில் படும்வரை.

இப்போது அந்தக் காலைக்கு வருவோம். மூன்று நாளாகக் காணாத கரை கடைசியில் தெரிகிறது. இரவு முழுதும் பலத்த காற்று. ஒரு பம்பின் உள்பாகம் வெளியே. கப்பலின் முந்தைய சரக்கு நிலக்கரி, அண்மையில் பெரிய தச்சுவேலையும் நடந்திருக்கிறது. கரித்தூளும் மரத்தூளும் பம்பை அடைத்திருக்கலாம். அடியில் நீர் எவ்வளவு என்று நிச்சயமாகத் தெரியவில்லை. மனைவியும் குழந்தையும் கூட இருக்கிறார்கள். கரை ஆறு மைல். கப்பல் மூழ்கப்போகிறது என்று நம்பியவருக்குப் படகில் இறங்க அதைவிட நல்ல நேரம் வராது. இதுவே எனக்கு ஏற்புடையதாகத் தெரியும் விளக்கம்.

ஆல்கஹால் ஆவி தீப்பற்றிச் சரக்கறை வாய் வெடித்துத் திறந்தது என்று இன்னொரு விளக்கம் உண்டு. 2006-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மாதிரி செய்து வெடித்துக் காட்டினார்கள். கரிந்த தடம் விழாமலே வெடிக்கக்கூடும் என்று தெரிந்தது. காலியான ஒன்பது பீப்பாய்கள் இதற்குத் துணை. ஆனால் பெரிய வாய் மூடியபடியே இருந்ததையும், தண்டும் பம்பும் கிடந்த விதத்தையும் நான் அதிகம் மதிக்கிறேன். கடைசியாகச் செய்த வேலை நீரளப்பு என்பதற்கு அவைதான் சாட்சி.

இரண்டு மூடிகளும் திறந்து, மழையும் அலையும் புக விட்டு, ஒன்பது நாள் கழித்துப் பார்த்தபோது அடியில் மூன்றரை அடிதான். அந்த அளவுள்ள கப்பல் அதனால் மூழ்காது. நவம்பர் 25 காலையில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். தண்டு இறக்கப்பட்டது, தூக்கப்பட்டது, யாரோ ஒருவர் ஈரத்தின் உயரத்தைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். பத்து உயிர்களின் முடிவு அந்த ஒரு எண்ணில் நின்றது. அது சிலேட்டில் இல்லை.

எதை மாற்றுவேன்

கேப்டனின் முடிவைக் கரையில் உட்கார்ந்து குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சிலேட்டில் நீரளவுக்கென்று தனிக் கோடு கிழித்திருப்பேன். முந்தைய மூன்று நாட்களின் அளவு வரிசையாகக் கண்முன் இருந்தால், ஒரு திடீர் அளவைப் பார்த்துப் பயப்படுவதா, தண்டைத் துடைத்து மறுபடி இறக்குவதா என்று முடிவெடுக்க ஒரு பிடி கிடைத்திருக்கும். தனி எண்ணுக்குப் பொருள் கிடையாது, முந்தைய எண்ணோடு சேரும்போதுதான் பொருள் வரும்.

படகில் இறங்கும்போது என்ன எடுப்பது என்பதும் முன்பே பழகியிருக்க வேண்டியது. கேப்டன் கருவிகளையும் பத்திரங்களையும் எடுத்தார், அவை அவர் பொறுப்பில் இருந்தவை. லாக் புத்தகம் மேட்டின் அறையில் இருந்தது. மேட்டின் கைகள் அந்நேரம் படகை இறக்குவதில் இருந்திருக்கும். இது என் ஊகம். பயிற்சி வகுப்பில் 'கப்பலைக் கைவிடுக' ஒத்திகை செய்யும்போது லாக் புத்தகத்தை யார் எடுப்பது என்று ஆளைச் சுட்டிக்காட்டிச் சொல்கிறேன். போகும் முன் ஒரு வரி எழுதவும் சொல்கிறேன்: நேரம், இடம், காரணம், போகும் திசை. சிலேட்டில் அது பத்து வினாடி வேலை. இன்றைய கப்பல்களில் பயணத் தரவுப் பதிவுக் கருவி இருக்கிறது. கப்பல் மூழ்கினாலும் அதன் ஒரு பகுதி விடுபட்டு மிதக்கும். பேச்சையும் திசையையும் அது பிடித்துவைக்கும். ஆனால் தண்டில் ஏறிய ஈரத்தை ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் அதற்கும் தெரியும்.

மீட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஏறியவுடன், எதையும் தொடும் முன், அரை மணி நேரம் நடந்து எழுதுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதட்டும். காற்று அனுமதிக்காவிட்டால் கால் மணி. அந்த மேட்டின் கையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், எண்ணெய்ப் புட்டியை வைத்து அவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்க முடியாது.

என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு சிலேட்டைக் கொடுத்து, நவம்பர் 25-இன் அந்த இரு வரிகளையும் எழுதச் சொல்கிறேன். எட்டு மணிக்கு அடுத்த வரியைக் காலியாக விடச் சொல்கிறேன். அவர்கள் அதை நண்பகல்வரை துடைக்கக் கூடாது.